நான்கு நாள் விடுமுறை, நான்கு நாளும் வேலை, 555 ஸ்கார்லாட்டி: முடியுமா?

பாண்டி_பாரிஸ் | வியாழன், காலை 7:10

பிரான்சில் விண்ணேற்பு விழா எப்போதும் வியாழக்கிழமைதான். வெள்ளியையும் விடுப்பாகப் போட்டுவிட்டால் சேர்ந்தாற்போல் நான்கு நாள். இதற்கு இங்கே 'பாலம் போடுவது' என்று பெயர். ஊரே பாலம் ஏறிப் போய்விட்டது. நான் பாலத்துக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் நிறுவனத்தின் கணக்குத் தரவு முழுவதையும் புதிய சர்வருக்கு மாற்றுகிறார்கள். யாரும் வேலை செய்யாத நாளில்தான் அதைச் செய்ய முடியும் என்பதால் எல்லோருடைய விடுமுறையும் எங்கள் வேலைநாள். வீட்டிலிருந்துதான் பார்க்கிறேன். பாதி நேரம் கோப்புகள் நகர்வதை வெறித்துப் பார்ப்பதே வேலை. ஆனால் எழுந்து போகவும் முடியாது.

அதனால் ஒரு பைத்தியக்காரத் திட்டம். தொமேனிக்கோ ஸ்கார்லாட்டி விசைப்பலகைக்கு எழுதிய சொனாட்டாக்கள் (பாட்டில்லாத சிறு இசைத்துண்டுகள்) 555. ஸ்காட் ராஸ் என்ற கலைஞர் அத்தனையையும் ஹார்ப்சிகார்டில், அதாவது பியானோவுக்கு முந்தைய, கம்பியை மீட்டும் விசைப்பலகைக் கருவியில், வாசித்துப் பதிவு செய்திருக்கிறார், 34 குறுந்தட்டுகள். ஒரு தட்டுக்கு ஒரு மணி நேரம் அல்லது கொஞ்சம் கூட என்று வைத்துக்கொண்டால், நாளுக்குப் பத்து மணி நேர வேலையில் நான்கு நாளில் முடித்துவிடலாம். எண் வரிசையில் 1-இலிருந்து தொடங்குகிறேன். யாராவது துணைக்கு வருகிறீர்களா?

தவில்நேசன் | வியாழன், காலை 8:02

துணைக்கு வருவதா? நான் ஒன்றைக் கேட்டேன், பாதியில் நிறுத்திவிட்டேன். சாவிக்கொத்தைக் குலுக்குவது போல இருக்கிறது. மெல்ல அழுத்தினாலும் அதே சத்தம், ஓங்கி அழுத்தினாலும் அதே சத்தமாமே. அதில் எப்படி ஐயா பாவம் வரும்? தவிலில் ஒரு குச்சியிலேயே எத்தனை நயம் காட்டுகிறார்கள்! இதை 555 முறை கேட்கப் போகிறீர்களா? சர்வரே பரவாயில்லை.

பழையதட்டு | வியாழன், காலை 9:25

பாண்டி தம்பிக்கு முதலில் ஒரு சின்னத் திருத்தம். 555-ம் ஹார்ப்சிகார்டுக்கு மட்டுமானவை அல்ல. சிலவற்றில் வயலின் போன்ற மேல்வரி ஒன்றுக்குக் கீழே பக்கவாத்தியமாகத்தான் விசைப்பலகை வருகிறது. ஆர்கனுக்கானவையும் சில உண்டு. ராஸ் தொகுப்பில் அவையும் அந்தந்த வாத்தியத்தோடு இருக்கின்றன.

ஸ்கார்லாட்டி 1685-இல் நேப்பிள்ஸில் பிறந்தவர். பாக், ஹாண்டல் இருவருக்கும் அதே ஆண்டுதான். போர்ச்சுகல் இளவரசி மரியா பார்பராவுக்கு ஆசிரியராகப் போனார். அவள் ஸ்பெயின் அரச குடும்பத்தில் மருமகளானபோது 1729-இல் கூடவே போய், 1757-இல் மாட்ரிட்டில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அச்சில் அவரே வெளியிட்டது 1738-இல் வந்த 30 மட்டும்தான். மற்றதெல்லாம் பெரும்பாலும் பின்னாளில் அரசியான மரியா பார்பராவுக்காகப் படியெடுத்த கையெழுத்துத் தொகுதிகள் வழியாகத்தான் நமக்குக் கிடைத்தன. அவர் கைப்படவே எழுதிய சொனாட்டாப் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அரசி தன் தொகுதிகளைப் பாடகர் ஃபரினெல்லிக்கு எழுதிவைத்தாள். அவர் இத்தாலிக்குக் கொண்டுபோனார். இப்போது 15 தொகுதிகள் வெனிஸ் நூலகத்தில் இருக்கின்றன. நீங்கள் பின்பற்றும் எண்கள் ஹார்ப்சிகார்ட் கலைஞரும் ஆய்வாளருமான ரால்ஃப் கிர்க்பாட்ரிக் 1953-இல் போட்டவை.

அந்த 30-க்கு எழுதிய முன்னுரையில், இதில் பெரிய வித்வத்தைத் தேடாதீர்கள், கலையோடு ஒரு சாதுர்யமான விளையாட்டு என்று கொள்ளுங்கள் என்கிறார். கடைசியில் 'மகிழ்ச்சியாக வாழ்க' என்று முடிக்கிறார். வரிசை வைத்து விழுங்கச் சொன்னதாகத் தெரியவில்லை.

பாண்டி_பாரிஸ் | வியாழன், காலை 9:40

ஐயா, திருத்தத்துக்கு நன்றி. விழுங்குவதை நிறுத்துவதாக இல்லை. இப்போது 38. 30-ஐத் தாண்டியாயிற்று. பூனை விசைகள்மேல் நடந்ததில் பிறந்த ஃபியூக் (ஒரே மெட்டை ஒரு குரலுக்குப் பின் இன்னொரு குரல் எடுத்துத் தொடரும் வடிவம்) என்று கதை சொல்வார்களே, 30 அதுதான்.

பழையதட்டு | வியாழன், காலை 9:52

'பூனை ஃபியூக்' என்ற பெயர் அவர் காலத்துக்குப் பிறகு மற்றவர்கள் வைத்தது. பூனையையும் அதோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.

உத்ரெக்ட்_தச்சன் | வியாழன், மதியம் 1:15

தவில்நேசன் சொன்னதில் பாதி சரி. நான் தொகுப்புப் பெட்டியாக வாங்கி வீட்டில் ஒரு ஹார்ப்சிகார்டைக் கட்டியவன். இரண்டு குளிர்காலம் போயிற்று, மனைவியின் பொறுமையும் போயிற்று. அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல முடியும்.

விசையின் மறுமுனையில் விரல் அகலம்கூட இல்லாத மரத்துண்டு ஒன்று நிற்கிறது. ஜாக் என்பார்கள். அதன் பக்கத்தில் நகம் போல் ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் காக்கை இறகின் தண்டைச் சீவிச் செருகுவார்கள், இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். விசையை அழுத்தினால் ஜாக் மேலே எழும், முள் கம்பியை மீட்டும். விட்டால் கீழே இறங்கும். இறங்கும்போது முள் மறுபடி மீட்டிவிடக் கூடாது இல்லையா? அதற்காக முள் இருக்கும் நாக்கு பின்னால் சாய்ந்து கம்பியை நழுவவிடும். பிறகு ஜாக்கின் தலையிலுள்ள கம்பளித் துண்டு கம்பியைத் தொட்டு ஒலியை அடக்கும். நாக்கைப் பழைய இடத்துக்குத் தள்ளும் வில்லாகப் பழைய கருவிகளில் இருந்தது பன்றி மயிர்.

ஆக, எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் முள் கம்பியை விட்டு விலகுவது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். சத்தம் மாறாது என்பது உண்மை. சத்தத்தைக் கூட்ட வேண்டுமென்றால் இன்னொரு வரிசைக் கம்பியைச் சேர்க்கலாம், இரண்டு விசைப்பலகை இருந்தால் மேலும் கீழும் மாறலாம். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையில் அதெல்லாம் செய்ய முடியாது.

வாசிப்பவரிடம் மிஞ்சுவது நேரம் மட்டும்தான். எப்போது அழுத்துவது, எப்போது விடுவது. அதிலும் விடுவதுதான் பெரிய வித்தை. ஒரு சுரத்தை அடுத்ததன்மேல் கொஞ்சம் படியவிட்டால் ஒலி தடிக்கும், சீக்கிரம் விட்டால் மெலியும். கேட்பவன் அதைச் சத்தம் கூடியதாகவும் குறைந்ததாகவும் எடுத்துக்கொள்வான்.

மீட்டுவிரல் | வியாழன், மதியம் 2:30

நான் வீணை. தச்சன் அண்ணா எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. எங்களுக்கு மீட்டியபிறகுதான் வேலையே ஆரம்பிக்கும். கம்பியை இழுத்து, வளைத்து, அந்த ஒரு மீட்டிலேயே நாலு சுரம் போய் வருவோம். இவர்களுக்கு மீட்டிய கணமே கம்பி கையைவிட்டுப் போய்விடுகிறது. பாவம்!

அப்படியென்றால் கமகம் இல்லாத குறையைச் சரிக்கட்டத்தான் அத்தனை ஜிலுஜிலு அலங்காரங்களா?

உத்ரெக்ட்_தச்சன் | வியாழன், மாலை 6:05

ஒரு பகுதி அதுதான். நீண்ட சுரம் செத்துப்போகாமல் இருக்க அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அதைவிட அழகான ஒன்றைப் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபிரான்சுவா கூப்பரான் சொல்லியிருக்கிறார். 1713-இல் வந்த தன் முதல் தொகுதியின் முன்னுரையிலேயே அவர் ஒப்புக்கொள்கிறார்: இந்தக் கருவியில் ஒலியைப் பெருக்கவோ குறைக்கவோ முடியாது, இதை உணர்ச்சி காட்ட வைப்பவருக்கு நான் என்றும் நன்றியுடையவன் என்று. அந்தக் கருவியில் அன்றைய மன்னனாக இருந்தவர் பேசுகிற பேச்சு இது!

1716-இல் வெளியான பயிற்சி நூலில் இரண்டு உத்தி தருகிறார். ஒன்று, சுரத்தை அதன் காலம் முடியுமுன் சட்டென்று துண்டிப்பது. இன்னொன்று, வரவேண்டிய சுரத்தை ஒரு கணம் நிறுத்திவைத்துத் தாமதமாகத் தருவது. வில் போட்டு வாசிக்கும் கருவிகள் ஒலியைப் பெருக்கும் இடத்தில், இங்கே அந்தச் சிறு மௌனம் காதுக்கு அதே ஆசையைத் தீர்த்துவைக்கும் என்கிறார்.

மீட்டுவிரல் | வியாழன், மாலை 6:20

தாமதித்துத் தொடுவதா! அநாகத எடுப்பில் தாளம் போட்டபிறகு ஒரு இடம் தள்ளிப் பாட்டு வரும்போது சபை ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொள்ளுமே, அது நினைவுக்கு வந்தது. அது தாளக் கணக்கு, இது கணக்கில்லாத தாமதம் என்பது புரிகிறது. ஆனாலும்.

அந்தப் பயிற்சி நூலில் வேறென்ன இருக்கிறது?

உத்ரெக்ட்_தச்சன் | வியாழன், மாலை 6:48

வாசிக்கும்போது முகத்தைக் கோணுகிறவர்கள் எதிரே ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டு தாங்களே திருத்திக்கொள்ள வேண்டும் என்கிறார். சிறு பிள்ளைகளை ஆசிரியர் இல்லாதபோது சாதகம் பண்ண விடக்கூடாதாம். ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்ததைக் கெடுத்துவிடுவார்களாம். அதனால் தான் சொல்லித்தரும் வீட்டிலிருந்து கிளம்பும்போது கருவியின் சாவியைக் கையோடு எடுத்துப் போய்விடுவாராம்.

மீட்டுவிரல் | வியாழன், மாலை 6:51

என் குருவிடம் இதைச் சொல்லவே மாட்டேன். கண்ணாடி விஷயத்தை மட்டும் சில பாடகர்களுக்கு அனுப்பலாம்.

தவில்நேசன் | வியாழன், இரவு 8:30

எல்லாம் சரி, எனக்கு இன்னும் தகர டப்பாதான்.

பழையதட்டு | வியாழன், இரவு 9:10

தகரம் என்றதும் ஞாபகம் வருகிறது. பியானோ புதிதாகப் பரவியபோது பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் 1774-இல் ஒரு கடிதத்தில், ஹார்ப்சிகார்டோடு ஒப்பிட்டால் பியானோ பாத்திரக்காரன் கருவி என்று எழுதினார். உங்கள் வசை இங்கிருந்து அங்கே போயிருக்க வேண்டியது, முகவரி மாறிவிட்டது.

பாண்டி_பாரிஸ் | வியாழன், இரவு 11:35

முதல் நாள் முடிந்தது. 141-இல் நிற்கிறேன். கணக்குக்கு ஏறக்குறைய சரி. 119-இல் ஒரு இடத்தில் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களை எல்லாம் ஒரே அமுக்கில் அள்ளிப் போடுகிறார். யாரோ விசைப்பலகைமேல் சாய்ந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் முறை அதே இடம் வந்தபோதுதான் வேண்டுமென்றே எழுதியது என்று புரிந்தது. இவர் சொனாட்டாவில் பெரும்பாலும் இரண்டு பாதி, ஒவ்வொரு பாதியும் இரண்டு முறை வரும். காது நம்பாததை இரண்டாம் முறை நம்பிக்கொள்ளலாம்.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன். 60-க்கும் 110-க்கும் இடையில் என்ன கேட்டேன் என்று கேட்டால் ஒன்றும் ஞாபகமில்லை. காது எரிகிற மாதிரி வேறு இருக்கிறது.

உத்ரெக்ட்_தச்சன் | வெள்ளி, காலை 7:45

காது எரிகிறதென்றால் சத்தத்தை எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? குறையுங்கள். இன்னும் குறையுங்கள். 'போதாதோ' என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள்.

மீட்டிய கம்பியில் மேல் சுருதிகள் ஏராளம். பதிவு செய்யும்போது ஒலிவாங்கியைக் கிட்டத்தில் வைத்துவிட்டால், நீங்கள் தலையைக் கருவிக்குள் விட்டுக் கேட்பது போல்தான். என் வீட்டுக் கருவி வாசிக்கும்போது பக்கத்து அறையில் கெட்டில் கொதித்தால் கெட்டில்தான் ஜெயிக்கும்.

பாண்டி_பாரிஸ் | வெள்ளி, இரவு 10:20

தச்சன் அண்ணா, உங்கள் பதிவைக் காலையிலேயே பார்த்திருக்க வேண்டும். மதியம் 2 மணிக்கு ஒரு அட்டவணை பூட்டிக்கொண்டு நகல் அப்படியே நின்றுவிட்டது. மேலாளர் போனில் கூப்பிட்டிருக்கிறார். நான் ஹெட்போனில் முழுச் சத்தம் வைத்து 207-ஐக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று அழைப்பு, பன்னிரண்டு நிமிடம். தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பகுதியை மட்டும் மறுபடி ஓட்ட வேண்டியதாயிற்று. மேலாளர் என்னைத் திட்டவில்லை, 'சாப்பிடப் போயிருந்தாயா' என்று மட்டும் கேட்டார். அதுதான் ஒரு மாதிரி இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அதன்பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சின்ன ஸ்பீக்கரில், நீங்கள் சொன்ன அளவுக்குக் குறைத்து அடுத்ததைப் போட்டேன். 208. ஏ மேஜர், மெதுநடை. இடது கை ஒரு வேலையும் செய்யவில்லை. நடந்துகொண்டே இருக்கிறது, ஒரே அடி, ஒரே இடைவெளி. வலது கை அதோடு சேர்ந்து வரவில்லை. ஒரு அரை அடி பின்னால் வருகிறது. கடைவீதியில் அம்மா நேராக நடக்க, பிள்ளை ஒவ்வொரு கடையிலும் நின்றுவிட்டு ஓடிவந்து பிடிப்பது போல.

நேற்று நீங்கள் எழுதியது இதுதானா? தாமதித்துத் தருவது?

அதையே ஆறு முறை போட்டுவிட்டேன். திட்டம் சுத்தமாகக் கெட்டுவிட்டது.

மீட்டுவிரல் | வெள்ளி, இரவு 10:41

தம்பி, கெட்டால் கெடட்டும். நானும் இப்போது கேட்டேன். சுரம் மறைந்துகொண்டே போகும்போது அடுத்தது வருமா வராதா என்று ஒரு தவிப்பு இருக்கிறது பாருங்கள். கமகம் இல்லை என்று நேற்றுப் பரிதாபப்பட்டேனே, அந்தப் 'பாவம்!' என்ற ஒரு சொல்லை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பழையதட்டு | சனி, காலை 8:15

208-க்கும் 209-க்கும் ஒரே சுருதி. கிர்க்பாட்ரிக் கையெழுத்துத் தொகுதிகளைப் பார்த்துவிட்டு, பல சொனாட்டாக்கள் சோடி சோடியாக வைக்கப்பட்டவை என்றார். ஆறு முறை 208-ஐக் கேட்டவர் ஒரு முறை 209-ஐயும் ஒட்டவைத்துக் கேளுங்கள். முன்னது உட்கார்ந்திருந்தால் பின்னது எழுந்து ஆடும்.

ராஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் பிறந்து சிறுவனாகப் பிரான்சுக்கு வந்தவர். ஸ்கார்லாட்டியின் முந்நூறாம் ஆண்டை ஒட்டி பிரெஞ்சு வானொலிக்காக 1984 நடுவில் தொடங்கி 1985-இல் இந்தப் பதிவை முடித்தார். பெரும்பகுதி மோன்பெலியேவுக்குப் பக்கத்திலுள்ள அஸ்ஸாஸ் மாளிகையில் எடுத்தது. 1989-இல் அஸ்ஸாஸிலேயே இறந்தார், வயது 38. அவருக்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆனதை நீங்கள் நான்கு நாளில் முடிக்கப் பார்த்தீர்கள்.

தவில்நேசன் | சனி, காலை 11:30

விடுமுறைக்கு மாமியார் வீட்டில் இருக்கிறேன். எல்லோரும் தூங்குகிறார்கள். வேறு வழியில்லாமல் போனில் ரொம்ப மெல்ல வைத்து 141-ஐப் போட்டேன்.

அந்த ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறாரே, விரல் மாற்றி மாற்றி. அது மோர்சிங்! சத்தியமாக மோர்சிங். இதை ஏன் முதலிலேயே யாரும் சொல்லவில்லை?

பழையதட்டு | சனி, மதியம் 12:05

அங்கே கிதார், மாண்டலின் என்பார்கள். எனக்கு உங்கள் மோர்சிங்கும் சம்மதம்.

பாண்டி_பாரிஸ் | சனி, மாலை 7:30

இன்று ஒரு காரியம் செய்தேன். மதியம் இரண்டு மணி நேரம் வேறொருவர் பார்த்துக்கொள்ளும் முறை. நான் இருப்பது பாரிஸை ஒட்டிய போபினியில். ஐந்தாம் எண் மெட்ரோவில் ஏறினால் போர்த் தெ பாந்தான் கொஞ்ச தூரம்தான். அங்கே லா வில்லெத்தில் இசை அருங்காட்சியகம். இத்தனை வருடம் அதன் வாசலைத் தாண்டித்தான் லா சப்பேல் கடைகளுக்குப் போய் முருங்கைக்காய் வாங்கி வருகிறேன், உள்ளே போனதில்லை.

ஒரு கருவியின் முன்னால் நின்றுவிட்டேன். ஆன்ட்வெர்ப்பில் ஆந்திரெயாஸ் ருக்கர்ஸ் 1646-இல் செய்தது. பாரிஸில் பாஸ்கால் தாஸ்கான் 1780-இல் அதைப் பிரித்து, அகலப்படுத்தி, புதிய இசைக்கு ஏற்ற மாதிரி கூடுதல் சுரங்கள் சேர்த்திருக்கிறார். 134 வருடப் பழைய பெட்டியைத் தூக்கி எறியாமல் உள்ளே மாற்றி ஓட்டியிருக்கிறார்கள். மூன்று நாளாக நான் செய்துகொண்டிருப்பதும் அதேதான், ஓவியம் வரைந்த மூடி ஒன்றுதான் இல்லை.

கூடத்தில் ஒரு பெண் நவீனப் பிரதி ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தார். கூப்பரானின் 'மர்மத் தடுப்புகள்', 1717-இல் வெளிவந்த இரண்டாம் தொகுதியில் உள்ளது. முழுவதும் கீழ்ஸ்தாயியிலேயே நகர்கிறது. ஒவ்வொரு சுரமும் அடுத்தது வந்தபிறகுதான் விடை பெறுகிறது. தச்சன் அண்ணா 'படியவிடுவது' என்றாரே, அதை அவர் விரலில் பார்த்தேன். விசையைவிட்டு விரல் எழுவதற்கு அவ்வளவு யோசனை!

ஆனால் நான் அதிர்ந்தது வேறு விஷயத்துக்கு. எவ்வளவு மெல்லிய ஒலி! ஐந்து அடி தள்ளி ஒரு குழந்தையின் செருப்பு கீச்சிட்டது, இரண்டு சுரம் காணாமல் போயிற்று. கூட்டமே தானாக முன்னால் நகர்ந்தது. இரண்டு நாளாக ஹெட்போனில் என் மண்டைக்குள் நான் ஓட்டிக்கொண்டிருந்தது எந்தக் கருவி என்றே தெரியவில்லை.

உத்ரெக்ட்_தச்சன் | சனி, இரவு 8:10

இருபது பேர் இருக்கும் அறைக்குச் செய்த கருவி. அரங்கம் பெரிதாகப் பெரிதாக அது தோற்றுப்போனது. ஹார்ப்சிகார்ட் கலைஞர் லான்டோவ்ஸ்கா அம்மையார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைத் திரும்ப அரங்கத்துக்குக் கொண்டுவந்தபோது, பியானோ செய்யும் பிளெயெல் நிறுவனம் அவருக்காகப் பியானோ போல இரும்புச் சட்டம் வைத்தே செய்துகொடுத்தது. பலமான கருவி. ஆனால் கூட்டம் முன்னால் நகர வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

பழையதட்டு | சனி, இரவு 8:35

லான்டோவ்ஸ்காவைச் சும்மா விடுங்கள். 1933-இல் பாரிஸில் அவர் பதிவு செய்த பாக்கின் கோல்ட்பர்க் மாறுபாடுகள் இல்லையென்றால், நீங்களும் நானும் இங்கே இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். இரும்புச் சட்டத்துக்காக அவரை மட்டம் தட்டுவது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது.

உத்ரெக்ட்_தச்சன் | சனி, இரவு 8:44

மட்டம் தட்டவில்லை ஐயா. அந்தப் பதிவு என்னிடமும் இருக்கிறது. அடிக்கடி போடுவதில்லை, அவ்வளவுதான்.

பழையதட்டு | சனி, இரவு 8:47

அதைத்தான் சொன்னேன்.

பாண்டி_பாரிஸ் | ஞாயிறு, இரவு 9:50

மாற்றம் முடிந்தது. பழைய சர்வரை 6:40-க்கு அணைத்தோம். கணக்குகள் பைசா சுத்தமாக ஒத்துப்போயின. மேலாளரிடம் வெள்ளிக்கிழமை சாப்பிடப் போகவில்லை, பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிட்டேன். என்ன பாட்டு என்று கேட்டார். சொன்னேன். சிறு வயதில் அம்மா கட்டாயப்படுத்தி ஏழு வருடம் கிளாவெசான் (ஹார்ப்சிகார்டுக்கு இங்கே அதுதான் பெயர்) கற்றுக்கொள்ள வைத்தாராம், இப்போது அந்தச் சத்தத்தைக் கேட்டாலே வயிறு கலங்குமாம்.

ஸ்கார்லாட்டிக் கணக்கு: 209. அதில் உருப்படியாகக் கேட்டது ஏழோ எட்டோ.

தவில்நேசன் | ஞாயிறு, இரவு 10:05

அவருக்குச் சொல்லித்தந்தவர் சாவியை எடுத்துக்கொண்டு போகவில்லை போலிருக்கிறது.

மீட்டுவிரல் | ஞாயிறு, இரவு 10:12

பழையதட்டு ஐயா, 208 மாதிரி மெதுவாக இன்னொன்று சொல்லுங்கள். வரிசை வேண்டாம்.

பழையதட்டு | ஞாயிறு, இரவு 10:30

213. டி மைனர். விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். பாண்டி தம்பியும்தான், நாளை ஈட்டு விடுப்பு கொடுத்திருப்பார்களே.

பாண்டி_பாரிஸ் | ஞாயிறு, இரவு 10:33

கொடுத்தார்கள் ஐயா. 210, 211, 212-ஐத் தாண்டிப் போவதற்குத்தான் மனசு வரவில்லை.